ஃபேக்ஸ் மெஷினா, கிளவுட் ஃபேக்ஸா: அமெரிக்க மருத்துவ பில்லிங்குக்கு எது கட்டுப்படியாகும்?

“இந்தக் காலத்திலும் ஃபேக்ஸா?” என்று சிரிப்பவர்கள், சென்னையில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு ஏஆர் காலரின் (அமெரிக்க கிளினிக்குகளுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கூப்பிட்டு வராத பணத்தைக் கேட்பவர்) பக்கத்து நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். க்ளெய்ம் டினையல் ஆகியிருக்கும், அதாவது பணம் தர இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்திருக்கும். காரணம் கேட்டால் நோயாளியின் சிகிச்சை ரெக்கார்ட்ஸ் வரவில்லை என்பார்கள். கம்பெனியின் வெப்சைட் போர்ட்டலில் ஏற்றலாமா என்று கேட்டால் இந்த வகை க்ளெய்முக்கு வசதி இல்லை, இந்த நம்பருக்கு ஃபேக்ஸ் பண்ணுங்கள் என்று பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அமெரிக்க மருத்துவத் துறையில் ஃபேக்ஸ் இன்றும் அன்றாட வேலைதான்.

அதை ஒழிக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2020-க்குள் டாக்டர் ஆபீஸ்களில் ஃபேக்ஸே இருக்கக்கூடாது என்று 2018 ஆகஸ்டில் மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைக் கவனிக்கும் சிஎம்எஸ் அமைப்பின் தலைவராக இருந்த சீமா வர்மா அறைகூவல் விடுத்தார். 2020 வந்தது, போனது, ஃபேக்ஸ் போகவில்லை. இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 9,000 ஃபேக்ஸ் மெஷின்கள் இருப்பதாக 2018-இல் தெரியவந்தது. புதிதாக வாங்கவே கூடாது, 2020 மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் ஏறக்கட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் வக்கீல்கள் நீதிமன்றத்துக்கு மின்னணு அஞ்சல்பெட்டி வழியாகத்தான் மனு அனுப்ப வேண்டும். அமெரிக்க மருத்துவத்தில் அப்படி ஒரே அடியாக உத்தரவு போட ஆளில்லை. நூற்றுக்கணக்கான இன்சூரன்ஸ் கம்பெனிகள், ஆயிரக்கணக்கான கிளினிக்குகள், ஒன்றோடொன்று பேசாத மென்பொருள்கள். எல்லாரிடமும் பொதுவாக இருப்பது ஒரு ஃபேக்ஸ் நம்பர் மட்டும்தான்.

ஆகவே ஃபேக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசுவதில் பயனில்லை, எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். வழி மூன்று. ஒன்று, கிளினிக்கில் மெஷினை வைத்து ஒரு டெலிபோன் லைனைச் சொருகுவது. இரண்டு, மாதச் சந்தா கட்டி கிளவுட் ஃபேக்ஸ் எடுப்பது, அதாவது மெஷின் இல்லாமல் ஒரு சேவை நிறுவனம் மூலம் இன்டர்நெட்டில் ஃபேக்ஸ் அனுப்பி வாங்குவது. மூன்று, சொந்தமாக ஃபேக்ஸ் சர்வர் போடுவது. என் ஓட்டு கிளவுடுக்கு. நம்பரை விடாதீர்கள், மெஷினை விட்டுவிடுங்கள். காகிதச் செலவு, டோனர் செலவு, இட வசதி என்று வழக்கமாக அடுக்குவதெல்லாம் சில்லறைக் காரணங்கள். லேசர் மெஷினில் 2,600 பக்கம் வரும் டோனர் போட்டால் சின்ன கிளினிக்குக்குப் பல மாதம் ஓடும். அதற்காக யாரும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வைப்பது லைன்.

லைன் போன கதை

ஃபேக்ஸ் என்பது படத்தைச் சத்தமாக மாற்றி டெலிபோனில் பாடிக் காட்டும் வித்தை. அனுப்பும் மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி கூவும், மூன்று விநாடி நிறுத்தும், மறுபடி கூவும். எடுக்கும் மெஷின் 2100 ஹெர்ட்ஸில் நீளமாகப் பதில் சொல்லும். பிறகு தன்னால் எந்த வேகம், எந்தத் துல்லியம், எந்தச் சுருக்கமுறை முடியும் என்று எடுத்த மெஷின் சொல்ல, அனுப்பும் மெஷின் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை விநாடிக்கு ஒரு சோதனைச் சத்தம் அனுப்பும். அது சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் பக்கம் கிளம்பும், சேராவிட்டால் 14,400-இலிருந்து 12,000, 9,600 என்று வேகத்தைக் குறைத்து மறுபடி சோதனை. 1980-இல் வந்த குரூப் 3 தரம் இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

இந்தப் பாட்டுக்கு செம்புக் கம்பி பொருத்தமாக இருந்தது. இரைச்சல் இருக்கும், ஆனால் இடையில் துண்டு விழாது. அந்தக் கம்பிதான் இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. பெரிய டெலிபோன் கம்பெனிகள் தங்கள் செம்பு லைனைப் போட்டிக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படுத்திய விலையில் கொடுக்க வேண்டும் என்ற கடமையை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2019-இல் நீக்கியது. மூன்று வருட அவகாசம் 2022 ஆகஸ்டில் முடிந்தது. அதற்குப் பிறகு அனலாக் லைனின் மாத வாடகை ஏறிய வேகத்தை பில்லைப் பார்க்கும் எந்த ஆபீஸ் மேனேஜரும் சொல்வார். பல இடங்களில் கிளினிக்குக்கே தெரியாமல் லைன் மாறிவிட்டிருக்கிறது. சுவரில் அதே பழைய சாக்கெட், டயல் டோன் வருகிறது, ஆனால் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்து சத்தத்தை இன்டர்நெட் பாக்கெட்டாக வெட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குரலைப் பிழியாமல் அனுப்பும் ஜி.711 என்ற முறையில் குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போகிறது, அதாவது விநாடிக்கு 50. டினையலை எதிர்த்துப் போடும் ஓர் அப்பீலுக்கு 30 பக்க ரெக்கார்ட்ஸ் அனுப்புகிறீர்கள், பக்கத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால் 15 நிமிட அழைப்பு. மொத்தம் 45,000 பாக்கெட். ஆயிரத்தில் ஒன்று தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது அது காதுக்கே எட்டாது. தொலைந்த இடத்தை முந்தைய சத்தத்தை வைத்துப் பூசி மறைத்துவிடும் மென்பொருள். ஃபேக்ஸில் அது 45 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் 14,400 வேகத்தில் 288 பிட் போய்விடும், பூசிய சத்தமோ குப்பையாகப் படிக்கப்படும். “போன் நன்றாகத்தானே கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் ஏன் போகவில்லை” என்ற கேள்விக்கு விடை இந்த 45-தான்.

இன்னொரு எதிரி, பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து சீராக விடும் ஜிட்டர் பஃபர். நெட் வேகத்துக்கு ஏற்ப அது தன் அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும். பேச்சில் ஒரு சின்ன இடைவெளி கூடும், அவ்வளவுதான். ஃபேக்ஸுக்கோ நடுப்பாட்டில் தாளம் தப்பிய மாதிரி. ஒரு பக்கம், இரண்டு பக்கம் ஒழுங்காகப் போய், மூன்றாவது நான்காவது பக்கத்தில் அறுந்துபோகும் ஃபேக்ஸுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்த இடத்தில் அறுகிறது என்பதை வைத்தே நோயைப் பிடிக்கலாம். எடுத்த எடுப்பிலேயே பதில் கூவல் வரவில்லை என்றால் நம்பர் தப்பு, அல்லது மறுமுனையில் ஃபேக்ஸ் இல்லை. கூவல் வந்து சோதனைச் சத்தத்திலேயே திரும்பத் திரும்பச் சறுக்கினால் லைன் அல்லது வேகம். ஒரே பக்கம் மறுமுனையில் இரண்டு தடவை விழுந்தால், பக்கம் போய்விட்டது, “வந்தது” என்ற பதில்தான் வழியில் தொலைந்தது என்று அர்த்தம்.

மெஷினைத்தான் வைத்துக்கொள்வோம் என்றால்

முடியாது என்று சொல்லவில்லை. இவ்வளவு வேலை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் டெலிபோன் கம்பெனியிடம் கேட்க வேண்டியது: டி.38 உண்டா, அதுவும் கடைசி வரைக்கும் உண்டா? டி.38-இல் சத்தம் போகாது. மெஷினின் பாட்டை அந்தச் சின்னப் பெட்டியே கேட்டுப் புரிந்துகொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் பாக்கெட்டில் போட்டு அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டின் நகலும் இருக்கும், அதனால் ஒன்று தொலைந்தால் குடி முழுகாது. உண்டு என்று விற்பனைப் பிரிவு சொல்லும். ஆனால் அவர்கள் அழைப்பை வாங்கி அடுத்த கம்பெனியிடம் தள்ளும் இடத்தில் டி.38 இல்லாவிட்டால் அங்கிருந்து மறுபடி வெறும் சத்தம்தான். அதை டெக்னிகல் ஆளிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து பெட்டி. கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி801 போன்ற அடாப்டர் என்றால் ஃபேக்ஸ் மோடை டி.38-இல் வையுங்கள். கோடெக் (குரலைப் பாக்கெட்டாக மாற்றும் முறை) ஜி.711 மட்டும், பேச்சைப் பிழிந்து சுருக்கும் ஜி.729-க்குள் ஃபேக்ஸ் நுழையவே நுழையாது. சைலன்ஸ் சப்ரஷன் ஆஃப், எக்கோ கேன்சல் ஆஃப், ஜிட்டர் பஃபர் நிலையான அளவில். கால் வெயிட்டிங் இருந்தால் அதன் ‘பீப்’ ஒன்றே ஒரு பக்கத்தைக் கெடுத்துவிடும். லைனிலேயே நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நம்பருக்கு முன்னால் *70 போட்டு டயல் செய்ய வேண்டும்.

பிறகு மெஷின். சூப்பர் ஜி3 என்று பெருமையாக அச்சடித்திருக்கும் 33,600 வேகத்தை ஆஃப் செய்துவிடுங்கள். பல டி.38 பெட்டிகளுக்கு 14,400-க்கு மேல் தெரியாது. இரண்டு முனையிலும் அதிவேக மெஷின் என்றால் பெட்டியைச் சட்டை செய்யாமல் தங்களுக்குள் பேச ஆரம்பித்துக் குழம்பிவிடும். பிரதர் மெஷின்களில் இதற்கென்றே ‘கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு மெனு உண்டு: ஹை, நார்மல், ‘பேசிக் ஃபார் விஓஐபி’ (விஓஐபி என்றால் இன்டர்நெட் வழி டெலிபோன்). பேசிக்கில் வைத்தால் வேகம் 9,600-க்கு இறங்கும், கூடவே பிழைதிருத்தமும் அணைந்துவிடும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஈசிஎம் என்ற அந்தப் பிழைதிருத்தம் இருக்கும்போது பக்கம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். கெட்டுப்போன துண்டை மறுமுனை திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லைன் மோசம் என்றால் கேட்டுக் கேட்டுச் சலித்து அழைப்பு அறுந்துவிடும். அணைத்துவிட்டால் அழைப்பு அறாது, ஆனால் கெட்ட வரிகள் கெட்டபடியே போகும். எத்தனை கெட்ட வரி வரைக்கும் பொறுத்துக்கொள்வது என்பதை மறுமுனை மெஷினே முடிவு செய்யும். அதன் கணக்கில் பாஸ் என்றால் உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஓகே’ என்று வரும். லேப் ரிப்போர்ட்டில் ஒரு தசமப் புள்ளி இருந்த வரி காணாமல் போயிருக்கலாம், சிகிச்சையைக் குறிக்கும் சிபிடி கோடின் நடுவே ஒரு கோடு இழுத்திருக்கலாம், ஓகே ஓகேதான். ரெக்கார்ட்ஸ் தெளிவாக இல்லை என்று மூன்று வாரம் கழித்து கடிதம் வரும்போது, உங்கள் கையில் ஓகே சீட்டு, அவர்கள் கையில் படிக்க முடியாத பக்கம். ‘ஃபேக்ஸ் போகவில்லையா, ஈசிஎம்மை ஆஃப் பண்ணு’ என்பது பொதுவாக எல்லாரும் சொல்லும் வைத்தியம். பீட்சா கடை மெனுவுக்கு அது சரி. மருத்துவ ரெக்கார்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். டி.38 ஒழுங்காக வேலை செய்தால் ஈசிஎம்மை ஆன் செய்தே வைக்கலாம். வேலை செய்யாவிட்டால் அந்த லைனே அந்த வேலைக்கு லாயக்கில்லை.

எல்லாம் முடித்தபின் சோதிக்கும்போது ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்து திருப்திப்படாதீர்கள். ஒற்றைப் பக்கம் எந்த லைனிலும் போகும். 20 பக்கத்துக்குக் குறையாமல், பகலில், ஆபீஸில் எல்லாரும் நெட் பயன்படுத்தும் நேரத்தில் அனுப்பிப் பாருங்கள்.

கிளவுட் ஏன் தப்பிக்கிறது

கிளவுட் ஃபேக்ஸில் உங்கள் ஆபீஸிலிருந்து போவது சத்தம் இல்லை, ஃபைல். பிடிஎஃப்பை வெப்சைட்டில் ஏற்றுகிறீர்கள். பாக்கெட் தொலைந்தால் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. சத்தமாக மாறுவது சேவை நிறுவனத்தின் டேட்டா சென்டரில், அங்கே லைனைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் பிழைப்பு. மேலே சொன்ன ஜிட்டர் பஃபர், எக்கோ, சூப்பர் ஜி3 தலைவலி எதுவும் உங்களுடையது இல்லை. மறுமுனையில் இருப்பவர் மோசமான அடாப்டரில் பழைய மெஷினைச் சொருகி வைத்திருந்தால் கிளவுடும் திணறத்தான் செய்யும். ஆனால் பிஸி, தோல்வி என்றால் தானாகவே சில தடவை முயலும். யாரும் மெஷின் முன்னால் நின்று ரீடயல் அமுக்க வேண்டாம்.

வாங்கும் பக்கம்தான் இன்னும் பெரிய வித்தியாசம். சென்னையில் இருக்கும் டீம் நியூஜெர்சியில் இருக்கும் கிளினிக்கின் ஃபேக்ஸை அது வந்த நிமிடமே பார்க்கிறது. மெஷின் என்றால் கிளினிக் ரிசப்ஷனிஸ்ட் எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்தது திங்கள் காலைதான் கண்ணில் படும். ஆளில்லாத மெஷின் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பிரபலமான உதாரணம் உண்டு. 2018 நவம்பர் 21-ஆம் தேதி, ஆட்சி அமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி அனுப்பிய கடிதத்தை ஜம்மு காஷ்மீர் ராஜ்பவன் ஃபேக்ஸ் வாங்கவில்லை. அன்றிரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. விடுமுறை நாள், ஃபேக்ஸைப் பார்க்க ஆளில்லை என்பது ஆளுநர் தரப்பு விளக்கம்.

ஆனால் கிளவுட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு மலிவான பிளானை வாங்கிவிட முடியாது. நான்கைந்து இடத்தில் கால் சறுக்கும்.

முதலாவது ஹிப்பா, அதாவது நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்கச் சட்டம். காகிதத்திலிருந்து காகிதத்துக்குப் போகும் பழைய ஃபேக்ஸை ‘மின்னணு ஊடகம்’ என்று அந்த விதிகள் கருதுவதில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அப்படியே அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை. நோயாளி விவரங்களைச் சேமித்து வைக்கும் கிளவுட் நிறுவனம் அவற்றைப் பாதுகாப்பதாக உறுதி தரும் பிஏஏ என்ற ஒப்பந்தத்தில் உங்களோடு கையெழுத்துப் போட வேண்டும். சிலரின் மலிவு பிளானில் அது கிடையாது, அடுத்த பிளானில்தான் இருக்கும். விலையை ஒப்பிடும்போது பிஏஏ உள்ள பிளானின் விலையை மட்டும் ஒப்பிடுங்கள், மற்றது கணக்கில் சேராது. அதேபோல் வந்த ஃபேக்ஸை பிடிஎஃப்பாக இமெயிலில் இணைத்து அனுப்பும் வசதி ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ‘ஃபேக்ஸ் வந்திருக்கிறது’ என்ற தகவல் மட்டும் மெயிலில் வரட்டும், படம் லாகின் செய்தால்தான் தெரிய வேண்டும்.

இரண்டாவது பக்கக் கணக்கு. சில சேவைகள் 60 விநாடி வரைக்கும்தான் ஒரு பக்கம் என்று எண்ணும். அதைத் தாண்டினால் அடுத்த பக்கக் கட்டணம். எழுத்து மட்டும் உள்ள பக்கம் அரை நிமிடத்தில் போய்விடும். இன்சூரன்ஸ் கார்டையோ டிரைவிங் லைசென்ஸையோ சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்து அனுப்பினால் நிலைமை வேறு. ஃபேக்ஸுக்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும்தான், சாம்பலை அது புள்ளிப் புள்ளியாக ஆக்கும், புள்ளிகள் சுருங்காது. ஃபைன் மோடில் ஒரு பக்கம் அகலத்தில் 1,728 புள்ளி, உயரத்தில் சுமார் 2,150 வரி. சுருக்கமே இல்லாவிட்டால் 37 லட்சம் பிட், 14,400 வேகத்தில் நாலு நிமிடத்துக்கு மேல். ஒரு கார்டுக்கு ஐந்து பக்கக் காசு, அதோடு அவ்வளவு நேரம் நீடிக்கும் அழைப்பு அறுந்துபோகும் வாய்ப்பு வேறு. ஸ்கேனரில் 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை என்று வையுங்கள். கார்டின் பின்னணி நிறம் கறுப்பாக அப்பிக்கொண்டால் கான்ட்ராஸ்டைக் கூட்டி, பிரைட்னஸை ஏற்றி, எண்கள் தனியாகத் தெரியும் வரை சரிசெய்யுங்கள். கிளினிக் லெட்டர்ஹெட்டில் சாம்பல் நிற வாட்டர்மார்க் இருந்தால், ஃபேக்ஸுக்கென்று அது இல்லாத ஒரு டெம்ப்ளேட் போட்டுக்கொள்வது நல்லது. இமெயிலிலிருந்து ஃபேக்ஸ் அனுப்புகிறவர்கள் கையெழுத்துக்கு அடியில் இருக்கும் லோகோவை எடுத்துவிடுங்கள், அது ஒரு பக்கமாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது நேரம். இதில் நம் ஊர் டீம்கள்தான் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், அனுப்பியவர் நம்பர் அச்சாகும். அமெரிக்க விதியும் அதைக் கேட்கிறது. கிளவுட் கணக்கைச் சென்னையில் உட்கார்ந்து திறந்தால் நேர மண்டலம் இந்திய நேரமாகவே விழுந்துவிடலாம். நியூயார்க்கில் கோடைக்காலத் திங்கள் மாலை 6 மணிக்கு, அப்பீலுக்குக் கடைசி நாளன்று, அனுப்புகிறீர்கள். அங்கே இன்னும் திங்கள். பக்கத்தின் தலையில் செவ்வாய் அதிகாலை 3:30 என்று அச்சாகியிருக்கும். மெடிகேரில் முதல்கட்ட அப்பீலுக்கு 120 நாள் கெடு. 121-ஆம் நாள் தேதியை உங்கள் கையாலேயே அச்சடித்து அனுப்பினால், பிறகு நேர வித்தியாசத்தை விளக்கி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். கணக்கைத் திறந்தவுடன் செட்டிங்ஸில் முதலில் மாற்ற வேண்டியது கிளினிக் இருக்கும் ஊரின் நேரம். மெஷினிலும் இதே கோளாறு சின்ன அளவில் உண்டு, வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ள மறந்துவிடுவார்கள்.

நான்காவது, கன்ஃபர்மேஷன். ‘வரவில்லை’ என்று சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் காட்ட அதுதான் ஆயுதம். தேதி, நேரம், போன நம்பர், பக்க எண்ணிக்கை, முடிவு, முடிந்தால் முதல் பக்கத்தின் படம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மறுமுனை மெஷினின் பெயர் விழுந்தால் இன்னும் பலம். ஆனால் அதை அவர்கள் செட் செய்து வைத்திருந்தால்தான் விழும். கிளவுடில் இந்தப் பதிவுகள் காலம் முழுக்க இருக்கும் என்று நம்பாதீர்கள். பல சேவைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும். அப்பீல் அதைவிட நீளமாக இழுக்கும். அனுப்பிய அன்றே பிடிஎஃப்பாக இறக்கி நோயாளியின் ஃபைலில் போடுங்கள். இன்னொன்று, ஒரு அழைப்பில் ஒரு நோயாளி மட்டும். பெரிய கம்பெனிகளில் வரும் ஃபேக்ஸை மனிதர் பிரிப்பதற்கு முன்னால் மென்பொருள் பிரிக்கிறது. முதல் பக்கத்தில் இருக்கும் பார்கோடு கவர் ஷீட் எந்த க்ளெய்மோ, மொத்தப் பக்கமும் அந்த க்ளெய்மில் போய் ஒட்டிக்கொள்ளும். அழைப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்று பேர் ரெக்கார்டைச் சேர்த்து அனுப்பினால் இரண்டு பேருடையது ‘வரவில்லை’. அதைவிட மோசம், ஒருவரின் ரகசியம் இன்னொருவர் ஃபைலில்.

மெஷின் ஜெயிக்கும் இடமும் உண்டு

ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம், அதுவும் பெரும்பாலும் கையால் எழுதிய ஃபாரம், லைனும் இன்னும் உண்மையான செம்பு, எல்லாமே ஒரே கூரைக்குக் கீழ். இப்படி ஒரு கிளினிக் என்றால் மெஷினை மாற்ற அவசரமே இல்லை. கையெழுத்துப் போட்டு, சொருகி, பட்டனை அமுக்குகிற வேகம் கிளவுடில் வராது; ஸ்கேன் செய்து, ஃபைலுக்குப் பெயர் வைத்து, லாகின் செய்து ஏற்றுவதற்குள் மெஷின் இரண்டு பக்கம் அனுப்பிவிடும்.

சொந்த ஃபேக்ஸ் சர்வரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரைட்ஃபேக்ஸ் மாதிரி மென்பொருளும் டி.38 ட்ரங்கும் (ஒரே நேரத்தில் பல அழைப்புகள் போகும் லைன்) போட்டு, மருத்துவமனையின் ரெக்கார்ட் சிஸ்டத்தோடு நேராக இணைப்பது பெரிய ஆஸ்பத்திரிகளின் வழி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பக்கம் ஓடுகிற இடத்தில் கிளவுடின் பக்கக் கட்டணம் கடித்துவிடும், அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகலாம். ஆனால் அதைப் பராமரிக்க டெலிபோனும் தெரிந்த, நெட்வொர்க்கும் தெரிந்த ஒரு ஆள் சம்பளத்தில் இருக்க வேண்டும். பத்து டாக்டர் கிளினிக்குக்கு அது யானை கட்டித் தீனி போடுவது.

போர்ட்டலைப் போட்டியாளராக நான் சேர்க்கவில்லை. போர்ட்டல் இருக்கும் கம்பெனிக்குப் போர்ட்டலில்தான் ஏற்ற வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சிஎம்எஸ் 2024 ஜனவரியில் போட்ட விதிப்படி மெடிகேர் அட்வான்டேஜ், மெடிகெய்ட் போன்ற திட்டங்கள் ப்ரையர் ஆத் (சிகிச்சைக்கு முன்பே வாங்கும் அனுமதி) கேட்பதையும் பதில் சொல்வதையும் 2027-லிருந்து நேரடி மென்பொருள் இணைப்பு வழியாகச் செய்ய வசதி தர வேண்டும். மருந்துகள் அந்த விதிக்கு வெளியே. வக்கீல் ஆபீஸ், ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலையிடக் காயத்துக்கான காப்பீடு), வீட்டு நர்சிங், சக்கர நாற்காலி சப்ளை செய்யும் கடை, இவர்கள் யாரும் அந்த விதிக்குள் வருபவர்கள் இல்லை. ஆக, ஃபேக்ஸ் எண்ணிக்கை குறையும், நம்பர் தேவைப்படும். நாளுக்கு நாள் குறையப் போகிற வேலைக்கு மெஷினும் தனி லைனும் என்று முதல் போடுவதைவிட, பக்கம் குறைந்தால் பிளானையும் இறக்கிக்கொள்ளக்கூடிய சந்தா மேல்.

மாறும்போது

பழைய நம்பர் நூறு இடத்தில் பதிவாகியிருக்கும்: இன்சூரன்ஸ் கம்பெனிகளின் டைரக்டரி, மருந்துக்கடைகள், ரெஃபர் செய்யும் டாக்டர்கள். அதை விட்டுவிட்டுப் புது நம்பர் எடுப்பது தற்கொலைக்குச் சமம். போர்ட் செய்யுங்கள், அதாவது அதே நம்பரைக் கிளவுட் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளவுட் கம்பெனி ஒரு அனுமதிக் கடிதம் கேட்கும். கணக்கு எண், பில்லில் இருக்கிறபடியே பெயர், முகவரி, கடைசி பில் நகல் வேண்டும். ‘ஸ்ட்ரீட்’ என்பதும் அதன் சுருக்கமும் மாறியதற்கே விண்ணப்பம் திரும்பி வரும். ஒற்றை லைன் என்றால் சீக்கிரம் முடியும், பல லைன் உள்ள வியாபாரக் கணக்கென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். போர்ட் முடியும் வரை பழைய லைனைத் துண்டிக்கவே கூடாது. துண்டித்தால் நம்பர் செத்துவிடும், பிறகு மாற்ற எதுவும் மிஞ்சாது. அதே லைனில் இன்டர்நெட்டோ, திருட்டு அலாரமோ, லிஃப்ட் போனோ தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், நம்பர் போனதும் அவையும் போகும். போர்ட் ஆன நாளில் வெளியிலிருந்து ஒரு 20 பக்கம் வரவழைத்துப் பார்த்து, இரண்டு நாள் மெஷினையும் ஆனில் வைத்திருந்து, எதுவும் அதில் விழவில்லை என்று உறுதியானபின் பிடுங்கலாம்.

பிடுங்கிய மெஷினை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். அஃபினிட்டி ஹெல்த் பிளான் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்த காப்பியரின் ஹார்ட் டிஸ்கில் நோயாளிகளின் விவரம் அழிக்கப்படாமல் இருந்தது. அதை வாங்கியது ஒரு டிவி செய்திப் பிரிவு. 2013-இல் 12,15,780 டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். பெரிய மல்டிஃபங்ஷன் மெஷின் என்றால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, அல்லது அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கொடுங்கள். சின்ன லேசர் மெஷினில் மெமரியையும் அட்ரஸ் புக்கையும் ஃபேக்டரி ரீசெட் செய்தால் போதும். பழைய பானசோனிக் மாதிரி கார்பன் ஃபில்ம் ரோல் போடும் மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த ரோலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சான ஒவ்வொரு எழுத்தும் ரோலில் வெள்ளையாகப் பெயர்ந்து போயிருக்கும். பெயர், பிறந்த தேதி, நோய், எல்லாம் வரிசையாகப் படிக்கலாம். ரோல் ஷ்ரெட்டரில் சிக்கிக்கொள்ளும், கத்தரியால் குறுக்கே துண்டு துண்டாக வெட்டிவிட்டு அதன்பிறகு மெஷினைக் கொடுங்கள்.